அளவு ஜாக்கெட்

என் அம்மாவுக்குச் சினிமாவில் கதை ஒரு பொருட்டே இல்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், வில்லன் கடைசியில் மாட்டினானா தப்பித்தானா என்று கேட்டால் அப்பாவைக் கைகாட்டிவிடுவாள். ஆனால் இரண்டாவது பாட்டில் கதாநாயகி போட்டிருந்த ஜாக்கெட்டுக்குக் கை எவ்வளவு நீளம், முதுகில் கழுத்து எவ்வளவு இறங்கியிருந்தது, கொக்கி முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய படமாக இருந்தாலும் யோசிக்காமல் சொல்வாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மேட்னி எங்கள் வீட்டுச் சட்டம். புதுப்படம் வந்தால் புதுப்படம், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு தியேட்டரில் ஓடும் பழைய கறுப்பு வெள்ளை. அப்பா சண்டைக்காக வருவார், நான் இடைவேளை முறுக்குக்காக, அம்மா துணிக்காக. படம் முழுக்க அவள் வாய் ஓயாது. குடும்பம் நொடித்துப்போய்க் கதாநாயகி கிழிசல் புடவையோடு வந்து நிற்பாள், தியேட்டரே மூக்கைச் சிந்தும். அம்மா என் காதுக்குக் குனிந்து, "ஒட்டுப் போட்ட எடத்துக்குக் கூட இஸ்திரி போட்டிருக்கான் பாரு" என்பாள். தூணைக் கட்டிக்கொண்டு கதறும் காட்சியில் தோளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்று வியப்பாள். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். எனக்கு மானம் போகும்.

கிண்டலுக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. படம் தொடங்கிப் பெயர்கள் ஓடும்போது 'உடைகள்' என்று ஒரு வரி வரும். அது வருகிற வரைக்கும் எங்கள் யாரையும் பேசவிடமாட்டாள். வந்ததும் உதட்டை அசைத்து அந்தப் பெயரைப் படித்துக்கொள்வாள். அப்புறம்தான் முறுக்குப் பொட்டலம் பிரியும்.

பார்த்ததை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் பாலக்கரைக்குப் போவாள். அங்கே ஒரு சந்தில், வீட்டு முன்னறையையே கடையாக்கி வைத்திருந்தார் டெய்லர் பாய். எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தையல். அந்த நாளில் ஆண் டெய்லர் பெண்ணுக்கு டேப் வைத்து அளவெடுக்க மாட்டார். அதற்குத்தான் அளவு ஜாக்கெட். உடம்புக்குக் கனகச்சிதமாக உட்கார்ந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புதுத் துணியோடு அதையும் கொடுத்தனுப்ப வேண்டும். அதை வைத்துப் பார்த்து அவர் வெட்டுவார். அம்மாவுடையது வெள்ளை பாப்ளினில் தைத்தது. பீரோவில் ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கும். அவசரத்துக்குக்கூட அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பாய் தைத்த ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கம் இன்னொரு ஜாக்கெட் அளவுக்குத் துணி இருக்கும். ஓரத்தை ஒட்ட வெட்ட மாட்டார். பக்கத்துக்கு மூன்று தையல் போட்டு மீதியை மடித்து உள்ளே விட்டிருப்பார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். பிள்ளை பெற்ற பிறகு இன்னொன்று. இன்றைக்கு ரெடிமேடில் வாங்கும் ஜாக்கெட்டைப் புரட்டினால் ஓரம் முழுக்க மெஷினில் நறுக்கி நூல் சுற்றியிருக்கிறது. பிரித்தால் ஒன்றும் கிடையாது. காலம் கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவர்களை எனக்கு ஆகாது, நானே ரெடிமேட் சுடிதாரில்தான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் அந்த உள்துணி விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். நாளைக்கு நம் உடம்பு மாறும் என்று நினைத்துத் தைத்தவர்களுக்கும் நினைக்காமல் தைக்கிறவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் மாமாவின், அதாவது அம்மாவின் தம்பியின், கல்யாணத்துக்கு அம்மா ஒரு படத்தில் பார்த்த ஜாக்கெட்டைத் தைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். முன்பக்கத்தைப் பாய்க்கு ஒப்பித்துவிட்டாள். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பின்னாடி எப்படி இருந்துச்சும்மா?" என்றார். அம்மா விழித்தாள். அந்தக் கதாநாயகி படம் முழுக்க நம்மைப் பார்த்தபடியே இருந்துவிட்டாள். முதுகைக் காட்டவில்லை. அதற்காக அடுத்த ஞாயிறு மறுபடி அதே படம். ஒரே ஒரு பாட்டில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கையைத் தூக்கினா, ஜாக்கெட் மேல ஏறவே இல்ல. பாத்தியா?" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாய்க்கு அந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. அக்குளில் கையும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் துண்டுத் துணியைக் குறுக்காக வைத்துத் தைப்பது. அவர் அதை டைமண்ட் என்பார், நான் இப்போது கணக்கு டீச்சர், சாய்சதுரம் என்பேன். அது இருந்தால் கை மட்டும் எழும்பும், ஜாக்கெட் தன் இடத்திலேயே இருக்கும். அந்தக் கல்யாணத்தில் அம்மாவுக்கு அது தேவையாகவும் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மூன்றாவது நாத்தனார் முடிச்சு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண்ணின் பின்னால் நின்று, இரண்டு கையையும் தூக்கிப் போட வேண்டும். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கும். அம்மா போட்டாள். கல்யாணம் முடிந்து பாயைப் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கையைத் தூக்கினபோது ஏறிச்சாம்மா என்று. இல்லை பாய் என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊசி, மருந்து, தலைமுடி போய்த் திரும்ப முளைத்தது எல்லாம் ஒரு வருஷத்தில் நடந்து முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன்.

ஆகவில்லை. அப்பா ரிடையர் ஆனதிலிருந்து அவர்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் இருக்கிறார்கள், நான் கே.கே. நகரில். சனிக்கிழமைதோறும் போவேன். தினமும் காலையில் கோவிலுக்கு நடந்து போய்விட்டு வருகிறவள், வாசல் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். நைட்டி, அதன்மேல் இடது தோளில் ஒரு துண்டு. காலிங்பெல் அடித்தால் கை முதலில் துண்டைத்தான் சரிசெய்யும். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சிலிக்கான் மார்பு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். வேர்க்கிறது, கல்லைக் கட்டினது போல இருக்கிறது என்று டப்பாவில் போட்டு மூடி, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அதைவிட எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. மத்தியானம் டிவியில் பழைய படம் ஓடும், பார்ப்பாள். ஒன்றுமே சொல்ல மாட்டாள். கதாநாயகி என்ன போட்டுக்கொண்டு வந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் இவள் எப்போது வாயை மூடுவாள் என்று இருந்தவள் நான். இப்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று ஏங்கினேன்.

இந்த நிலைமையில்தான் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. மாமாவும் அத்தையும் அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு பத்திரிகை வைக்க வந்தார்கள். திரும்பத் தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சை அம்மாதான் போட வேண்டும் என்றார் மாமா. அம்மா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கை தூக்க முடியலடா, சின்னவளைப் போடச் சொல்லு" என்றாள். சின்னவள் என்றது அவளுடைய சித்தப்பா மகளை. மாமா பத்திரிகையை அவள் மடியில் வைத்தார். பிறகு, "அன்னிக்கு நீதானக்கா போட்டே. நீ போடலைன்னா ரெண்டு முடிச்சோட விட்டுடறோம்" என்றார். அத்தையும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர்கள் போன பிறகு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கை தூக்க முடியாதாம். போன சனிக்கிழமைதான் மாடிக் கொடியில் அப்பாவின் வேட்டியை எட்டி உதறிக் காயப்போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். கை தூக்க முடியும், ஆள் முன்னால்தான் தூக்க முடியாது. ஜாக்கெட் ஒழுங்காக இருந்தால் வந்துவிடுவாள் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை வெட்டி எடுத்தேன். பீரோவைத் திறந்து மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டேன். அப்பா ஈசிச்சேரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அதே முன்னறையில் இப்போது அவர் மகள் தைக்கிறார். வீட்டுக்காரர் வளைகுடாவில். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், கல்யாணப் பெண்களுக்குக் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைப்பதில் பாலக்கரையில் பேர்பெற்றவர். நான் துணியைக் கொடுத்தேன். எல்லோரிடமும் கேட்கிறது போல, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களா அக்கா?" என்றார். நான் மஞ்சள் பையை நீட்டினேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் மறந்து கொடுக்கவில்லை. பையை நீட்டும்போது எனக்குத் தெரியும். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் துணி காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் இல்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். ஒரு வாரம் போனையும் எடுக்கவில்லை. தப்பாகப் போட்ட கணக்கை மறைக்கிற பிள்ளையை வெளியே நிற்கவைக்கிற டீச்சர் நான்.

அடுத்த சனிக்கிழமை ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை. அம்மா ஆசையாக வாங்கிப் புரட்டி, முதலில் உள்பக்கத்தைப் பார்த்தாள். மூன்று தையல், மடித்துவிட்ட துணி. "பாய் கை அப்படியே இருக்கு" என்றாள். கண்ணாடிமுன் நின்று போட்டுக்கொண்டாள். நான்தான் கொக்கி மாட்டிவிட்டேன். தோள் உட்கார்ந்தது, கை உட்கார்ந்தது, வலது பக்கம் அச்சாக உட்கார்ந்தது. இடது பக்கம் பட்டு உள்ளே மடங்கி விழுந்தது. பழைய உடம்புக்கு இம்மி பிசகாமல் தைத்த ஜாக்கெட் அது.

அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கொக்கியாக அவளே கழற்றினாள், அவசரப்படாமல். மடித்து என் கையில் கொடுத்து, "நல்லாத்தான் தைச்சிருக்கா. உன் மகளுக்கு எடுத்துட்டுப் போ" என்றாள். பிறகு நைட்டியை மாட்டிக்கொண்டு துண்டைத் தேடினாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளை வெளியே கொண்டுவர நினைத்து, அவளிடம் இல்லாததை நானே கண்ணாடிமுன் நிறுத்திக் காட்டியிருந்தேன். அப்பா வந்து குழாயை மூடினார். மஞ்சள் பையை எடுத்தபோதே நினைத்ததாகவும், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக எல்லோரும் இப்படித்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடித்த பிறகு டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. நந்தவனத்தில் கதாநாயகி கையைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா வழக்கம்போல் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவாவது பேச வேண்டும்போல் இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அந்தக் காலத்து நடிகைகளுக்கு உடம்புவாகே தனி, இப்போது யாருக்கு அப்படி இருக்கிறது என்று.

அம்மா சடாரென்று என் பக்கம் திரும்பினாள். "உடம்பாவது வாகாவது. பஞ்சுடி. உள்ள பஞ்சு வச்சுத் தைச்சது" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. இதே படத்தில் முன்னால் வந்த பாட்டில் இவள் தட்டையாக இருந்தாள், இந்தப் பாட்டில் ஏந்தலாக இருக்கிறாள், ஒரே படம் இரண்டு உடம்பு, இதுகூடவா தெரியவில்லை என்றாள். இன்னும் கொஞ்சம் பொறு, ஆடி முடிக்கிறபோது ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கும் என்றாள். ஆடி முடித்தாள். நிஜமாகவே ஏறியிருந்தது. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஈசிச்சேரில் தூங்குகிறதுபோல் கிடந்த அப்பாவும் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

சிரித்து முடித்தோம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். "அவளுக்கே வச்சுத்தான் தைச்சிருக்காங்க. ஊரே கையெடுத்துக் கும்பிட்டுச்சு அவளை." பிறகு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணு நாளைக்குக் கடை தெறப்பாளா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஆட்டோவில் பாலக்கரை போனோம். இரண்டு வருஷத்தில் ஆஸ்பத்திரி தவிர அவள் வெளியே கிளம்பியது அன்றுதான். காவிரிப் பாலத்தில் எட்டிப் பார்த்துத் தண்ணீர் கம்மியாக இருக்கிறதே என்றாள். கடையில் நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், முதலில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. பாயின் மகள் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நான் பழக்கதோஷத்தில் பையைத் துழாவி, வெள்ளை ஜாக்கெட்டைக் காட்டி எதை மாற்ற வேண்டும் என்று விளக்கப் போனேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"அது எதுக்குக்கா? அதான் அம்மாவே வந்துட்டாங்கள்ல" என்றார்.

டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். முந்தானையை மெதுவாக விலக்கினார். தோள், மார்பு, இடுப்பு, அக்குள். தழும்பின்மேல் டேப் போகும்போது விரலை அடியில் கொடுத்து, உறுத்துகிறதா என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். வலது பக்கத்துக்கு ஒரு அளவு, இடது பக்கத்துக்கு ஒரு அளவு, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்கு டேப் வச்சதே இல்லம்மா. இந்த அறுபத்தெட்டு வயசுல இதுதான் மொத தடவை" என்றாள். அத்தா உயிரோடு இருந்திருந்தால் அவராலும் வைத்திருக்க முடியாது என்றார் அந்தப் பெண். அது உண்மை. பாய் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், அன்றைக்கு அம்மாவுக்கு வேண்டியிருந்ததை அவரால் செய்திருக்க முடியாது. பழையதை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களை மறந்துவிடுகிறார்கள்.

புடவையோடு வந்தது ஒரே துண்டுத் துணி, அதையும் வெட்டியாகிவிட்டது. என் கவலை அதுதான். அவர் ஜாக்கெட்டைப் புரட்டிக் காட்டினார். அத்தா பழக்கம், உள்ளே துணி விட்டிருக்கிறேன் என்றார். இடது பக்கத்தை மொத்தமாகப் பிரித்துப் புது அளவுக்குத் தைக்கலாம். கை மடிப்பிலும் பக்கத்திலும் இருக்கிற துணியில் அக்குளுக்கு இரண்டு டைமண்ட் தேறும். இடது பக்க லைனிங்கில் ஒரு பை வைத்து, அதற்குள் மாற்றி மாற்றிப் போட்டுத் துவைக்கிறாற்போல் ஒரு சின்ன மெத்தை. மெத்தைக்குப் பஞ்சு வைத்துவிடலாம் என்றார்.

"வெறும் பஞ்சு வேணாம். மேல ஏறிக்கும்" என்றாள் அம்மா. நேற்றுப் பார்த்த பாட்டை விவரமாகச் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியென்றால் அடியில் கொஞ்சம் கனம் வேண்டும், கல்லுபோல் கனக்கவும் கூடாது. இரண்டு பேரும் யோசித்தார்கள், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கடைசியில் அவர் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கேழ்வரகு அள்ளிக்கொண்டு வந்தார். துணியில் முடிந்து அம்மா வலது கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு பிடி என்றாள். பார்த்தாள். போதும் என்றாள். மாதம் ஒரு தடவை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு வந்துவிடும் என்று அவர் சொல்ல, அதற்கென்ன, கூழ் காய்ச்சுகிற அன்றைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள் அம்மா.

கல்யாணத்தன்று காலையில் நான் போவதற்குள் அவளே உடுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை, அழுதுவிட்டேன். புடவையில் கண்ணீர் விட்டுவிடாதே என்று தள்ளி நின்றாள். மண்டபத்துக்கு நடந்தே போனோம். அப்பா இரண்டு அடி முன்னால் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாமா முதல் முடிச்சைப் போட்டார், இரண்டாவதைப் போட்டார். மேளம் கொட்டியது. அம்மா அத்தையின் பின்னால் போய் நின்றாள். எல்லோரும் மாமாவையும் அத்தையையும் பார்த்தார்கள். நான் அம்மாவின் அக்குளைப் பார்த்தேன். கையைத் தூக்கினாள். ஜாக்கெட் இருந்த இடத்தில் இருந்தது. போட்டோக்காரர், "அம்மா, கை மறைக்குது, இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றார். அம்மா முழங்கை இரண்டையும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டாள். ஒரு நூல்கூட ஏறவில்லை. நிதானமாக முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அத்தையின் பின்னலை எடுத்துவிட்டாள். பிறகு தூக்கிய கையை இறக்காமலே போட்டோக்காரரிடம் சொன்னாள்.

"பின்னாடியிருந்தும் ஒன்னு எடுப்பா. எல்லாரும் முன்னாடி மட்டும்தான் எடுக்கறீங்க."

அவர் ஒன்றும் புரியாமல் சுற்றிக்கொண்டு போய் எடுத்தார். அந்தப் படத்தில் அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. ஒரு அரக்கு ஜாக்கெட்டின் முதுகு, தூக்கிய இரண்டு கை, அவ்வளவுதான். அம்மா வீட்டுக் கண்ணாடியில் இப்போதும் செருகியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நான் ஸ்ரீரங்கம் போனபோது மத்தியானப் படம் தொடங்கும் நேரம். அம்மா டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி. கிட்டப் போய்ப் பார்த்தேன். அது பாப்ளின், கொக்கியோடு இருந்தது. ஐயோ, அது அளவு ஜாக்கெட் அல்லவா என்று கையைப் பிடித்தேன். சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சமா நஞ்சமா. அம்மா கையை விடுவித்துக்கொண்டு, மீதியிருந்த மூலையையும் துடைத்தாள்.

"அளவு ஜாக்கெட் பையிலதான் இருக்கு. போய்ப் பாரு" என்றாள்.

பீரோவைத் திறந்தேன். மஞ்சள் பை அதே இடத்தில் இருந்தது. உள்ளே அரக்குப் பட்டு ஜாக்கெட்டை மடித்து வைத்திருந்தாள்.